உள்ளேன் ஐயா: லத்தீன் பார்ட்டிசிபிள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் இணையவழியில் லத்தீன் சொல்லிக்கொடுக்கிறேன். குருமடத்து மாணவர்கள், தாவரவியல் படிக்கிறவர்கள், சட்டக்கல்லூரிப் பிள்ளைகள், சும்மா ஆசைக்குப் படிக்க வரும் ஓய்வுபெற்றவர்கள் என்று ஒரு கலவையான கூட்டம். யார் வந்தாலும் பார்ட்டிசிபிள் பாடத்தில் வரும் சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் கீழே போட்டிருக்கிறேன். அதிகம் சொல்லியிருப்பது நிகழ்கால வடிவத்தைப் பற்றித்தான். வேடிக்கையெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

பார்ட்டிசிபிள்னா தமிழ்ல என்ன சார்? பெயரெச்சமா?

பாதி ஆமாம். ‘பாடுகிற பெண்’ என்பதில் ‘பாடுகிற’ செய்யும் வேலையை லத்தீனில் பார்ட்டிசிபிள் செய்யும். ஆனால் நம் பெயரெச்சம் தனியாக நிற்காது, வேற்றுமை உருபும் ஏற்காது. ‘பாடுகிறஐ’ என்று யாரும் சொல்வதில்லை. லத்தீன் பார்ட்டிசிபிள் இரண்டையும் செய்யும். அந்த வகையில் அது ‘பாடுகிறவளை’, ‘பாடுகிறவளுக்கு’ என்று உருபேற்கும் வினையாலணையும் பெயருக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

வேற்றுமை ஏற்காமல் காலத்தோடு வருவது வினை என்பது தொல்காப்பியம். கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வார்ரோ என்பவரும் இதே அளவுகோலால் சொற்களைப் பிரித்தார்: வேற்றுமை உள்ளவை, காலம் உள்ளவை, இரண்டும் உள்ளவை, இரண்டும் இல்லாதவை. மூன்றாவது வகைதான் பார்ட்டிசிபிள். ‘பார்த்திகிப்பியும்’ என்ற லத்தீன் பெயருக்கே ‘பங்கு பெறுவது’ என்றுதான் பொருள். பெயரிலும் பங்கு, வினையிலும் பங்கு.

மொத்தம் எத்தனை இருக்கு? ஒரேயடியா சொல்லிடுங்க.

நான்கு. நேசி என்ற வினையை வைத்துச் சொன்னால்: அமான்ஸ் (நேசிக்கிற), அமாத்துஸ் (நேசிக்கப்பட்ட), அமாத்தூருஸ் (நேசிக்கப்போகிற), அமந்துஸ் (நேசிக்கப்பட வேண்டிய). கூட்டங்களில் நீட்டுகிறார்களே அஜெண்டா, அது நான்காவது வகை: ‘செய்யப்பட வேண்டியவை’. மூன்றாவதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ‘மொரித்தூரி’, ‘சாகப்போகிறவர்கள்’. கிளாடியேட்டர்கள் தினமும் அப்படி வணக்கம் சொன்னதாகச் சினிமா பார்த்து நம்புகிறோம். ரோமானிய வரலாற்றாசிரியர் சுவேத்தோனியுஸ் சொல்வதோ பேரரசர் கிளாவுதியுஸ் காலத்தில் ஃபூக்கினுஸ் ஏரியில் நடந்த ஒரு போலிக் கடற்போரைப் பற்றி மட்டும்.

அமான்ஸோட ஆறாம் வேற்றுமையை ‘அமன்த்திஸ்’னு எழுதறீங்களே, அது என்ன ‘ன்த்தி’? ‘அமந்திஸ்’னு எழுதினா ஆகாதா?

ஆகாது. ‘ந்த’ என்று எழுதினால் நம் நாக்கு தானாகவே ‘பந்து’வில் வருகிற மெல்லிய ஒலியைத்தான் சொல்லும். லத்தீனில் அந்த ஒலி நான்காவது வகைக்கு உரியது. முதல் வகைக்கு வல்லின ஒலி வேண்டும். அதனால் இந்தப் பக்கம் முழுக்க ‘ன்த்த’ என்றால் வல்லினம், ‘ந்த’ என்றால் ‘பந்து’. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது, வேறு வழி தெரியவில்லை.

இன்னொரு பக்கம் தமிழ் எழுத்து நன்றாகவே கைகொடுக்கிறது. ரோமானிய எழுத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே வடிவம், பாடப்புத்தகத்தில் மேலே கோடு போட்டுத்தான் காட்டுவார்கள். நமக்கு எ, ஏ தனித்தனியாக இருக்கின்றன.

அமான்ஸ்னு மனப்பாடம் பண்ணினேன், பாடத்தில் அமன்த்தெம், அமன்த்திஸ்னு வருது. அந்த ‘த்’ எங்கேயிருந்து வந்துச்சு?

எங்கேயிருந்தும் வரவில்லை. முதலிலிருந்தே இருந்தது, அமான்ஸில்தான் தொலைந்துவிட்டது. ‘மரம்’ என்று படித்த வெளிநாட்டுக்காரர் ‘மரத்தை’ என்று பார்த்ததும் இதே கேள்வியைத்தான் கேட்பார்.

அடிச்சொல் ‘அமன்த்’. அதோடு எழுவாய்க்குரிய ‘ஸ்’ சேர்ந்தால் ‘அமன்த்ஸ்’. மூன்று மெய் நெருக்கியடித்து நிற்க முடியாமல் நடுவில் இருந்த ‘த்’ விழுந்தது. லத்தீனில் ‘ன்ஸ்’ வந்தால் முன்னால் உள்ள உயிர் நீளும், ‘ன்த்’ வந்தால் குறுகும். அதனால்தான் அமான்ஸ், ஆனால் அமன்த்திஸ். ரேகேன்ஸ் இல்லை, ரெகேன்ஸ், ரெகென்த்திஸ் (ஆளுகிற). நீள்வது கடைசி உயிர் மட்டும்தான்.

பேச்சில் இந்த ‘ன்’ கூட நிலைக்கவில்லை. பொம்பேயி நகரச் சுவரில் வலைவீசிச் சண்டைபோடும் கிளாடியேட்டர் ஒருவனின் பெயரைக் கிறுக்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூட லத்தீன்படி அவன் க்ரேஸ்கேன்ஸ். சுவரில் இருப்பது க்ரேஸ்கேஸ். கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பல் மூடியதால் அந்த எழுத்துப்பிழை இன்றுவரை பத்திரமாக இருக்கிறது. க்ரேஸ்கேன்ஸ் என்றால் ‘வளர்கிற’. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

எல்லா வினைக்கும் ‘அன்த்’ தானா, ‘என்த்’ எப்போ வரும்?

லத்தீன் வினைகளும் நான்கு வகை (பார்ட்டிசிபிளின் நான்கு வகை வேறு, இது வேறு). அதில் முதல் வகை வினைகளுக்கு மட்டும் ‘அன்த்’. மற்றவற்றுக்கெல்லாம் ‘என்த்’: மொனேன்ஸ் (எச்சரிக்கிற), ரெகேன்ஸ். நான்காம் வகைக்கும், கப்பியோ போன்ற மூன்றாம் வகை வினைகளுக்கும் முன்னால் ஒரு இகரம் சேரும்: அவுதியேன்ஸ் (கேட்கிற), கப்பியேன்ஸ் (பிடிக்கிற). ‘போ’ வினை மட்டும் அடங்காது, அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவமா?

ஆமாம். எழுவாய் ஒருமையில் அஃறிணைக்கும் அதேதான். மாற்றம் செயப்படுபொருளிலும் பன்மையிலும் வரும். ஆண், பெண் இருவருக்கும் அமன்த்தெம், அமன்த்தேஸ். அஃறிணைக்கு அமான்ஸ், அமன்த்திய. பாலைப் பார்த்துப் பயந்தவர்கள் நிம்மதியாக மூச்சு விடலாம்.

அப்லட்டிவ்ல அமன்த்தெயா, அமன்த்தீயா? ஒவ்வொரு புத்தகமும் ஒண்ணு சொல்லுது.

இரண்டும் சரி, இடம் வேறு. (அப்லட்டிவ் என்பது நம் ‘ஆல்’, ‘இல்’, ‘இருந்து’ பொருள்களில் வரும் லத்தீன் வேற்றுமை.) வினையாக வேலை செய்தால், அல்லது ஆளைக் குறிக்கும் பெயராக நின்றால், குறில் ‘தெ’. வெறும் அடைமொழியாக நின்றால் நெடில் ‘தீ’. ‘சூரியன் உதிக்க’ என்பது வினை, ஆகவே ‘ஸோலெ ஒரியென்த்தெ’.

இங்கே நம் ‘செய’ என்னும் எச்சம் நினைவுக்கு வந்தால் சரியான திசையில்தான் போகிறீர்கள். ‘பொழுது விடிய, கிளம்பினார்கள்’ என்பதில் விடிந்தது ஒன்று, கிளம்பியவர்கள் வேறு. லத்தீனில் அந்த வேலையை அப்லட்டிவில் நிற்கும் பெயரும் பார்ட்டிசிபிளும் சேர்ந்து செய்கின்றன.

நிகழ்காலம்னு பேரு, ஆனா வாக்கியம் முழுக்க நடந்து முடிஞ்ச கதையா இருக்கே?

பெயர்தான் ஏமாற்றுகிறது. ‘நேற்றுத் தெருவில் பாடுகிறவனைப் பார்த்தேன்’ என்றால் அவன் இப்போது பாடுகிறான் என்றா பொருள்? பார்த்த அந்த நேரத்தில் பாடிக்கொண்டிருந்தான். லத்தீன் நிகழ்கால பார்ட்டிசிபிளும் அப்படித்தான்: முற்றுவினை எந்தக் காலமோ அதே நேரத்தில் நடப்பது. ‘உடன்நிகழ்’ என்று பெயர் வைத்திருந்தால் எனக்குப் பாதிச் சனிக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

‘பத்ரியை அமான்ஸ்’ சரியா, ‘பத்ரியம் அமான்ஸ்’ சரியா?

இரண்டும் சரி, பொருள் வேறு. முதலாவதில் தாய்நாடு ஆறாம் வேற்றுமையில் இருக்கிறது. ‘தேசப்பற்று உள்ளவர்’, அது அவர் சுபாவம். இரண்டாவதில் இரண்டாம் வேற்றுமை. தாய்நாட்டை இப்போது நேசித்துக்கொண்டிருக்கிறார், நாளை எப்படியோ. பெயர்ப் பக்கம் சாய்ந்தால் ஆறாவது, வினைப் பக்கம் சாய்ந்தால் இரண்டாவது. முதல் பதிலில் சொன்ன ‘பங்கு’ இப்படித்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

முழுக்கவே பெயர்ப் பக்கம் சாய்ந்து அங்கேயே குடியேறியவையும் உண்டு. ஸெர்பேன்ஸ் ‘ஊர்கிறது’, பாம்பு. ஒரியேன்ஸ் ‘உதிக்கிறது’, கிழக்கு. ஈன்ஃபான்ஸ் ‘பேசாதது’, கைக்குழந்தை. பரேன்ஸ் ‘பெறுகிறவர்’, பெற்றவர். கடைசிச் சொல் ஒரு புதைபடிவம். இன்றைய விதிப்படி ‘பெறு’ வினையிலிருந்து ‘பரியேன்ஸ்’ என்றுதான் வரவேண்டும்.

சரி, ‘இரு’ என்ற வினைக்கு? அட்டவணையில அந்த இடத்துல வெறும் கோடு போட்டிருக்கே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே. செவ்வியல் லத்தீனில் ‘ஸும்’ (இருக்கிறேன்) வினைக்குத் தனியாக நிற்கும் நிகழ்கால பார்ட்டிசிபிள் கிடையாது. ஆனால் நீங்கள் அதைப் பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் கத்தியிருக்கிறீர்கள். ‘பிரசென்ட் சார்!’ லத்தீனில் ப்ரைஸேன்ஸ், ப்ரைஸென்த்திஸ்: முன்னால் இருக்கிற. வராதவனுக்கு ‘ஆப்சென்ட்’. அப்ஸேன்ஸ், அப்ஸென்த்திஸ்: அப்பால் இருக்கிற. தனியாக நிற்க முடியாமல் போன ‘ஸென்த்’, முன்னொட்டைப் பிடித்துக்கொண்டு வருகைப்பதிவேட்டில் பிழைத்துக் கிடக்கிறது. தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர்கள் ‘உள்ளேன் ஐயா’ என்றோம். அதே பொருள்தான்.

இந்தக் காலி இடத்தை நிரப்ப யூலியுஸ் கைஸரே முயன்றதாகக் கி.பி. 500-ஐ ஒட்டி வாழ்ந்த இலக்கணக்காரர் ப்ரிஸ்கியான் எழுதுகிறார். ‘பொஸ்ஸும்’ (முடியும்) என்பதற்குப் பொத்தேன்ஸ் இருக்கிறதே, அப்படியானால் ஸும் என்பதற்கு ஏன்ஸ் இருக்கலாம் என்பது கைஸரின் கணக்கு. கணக்கு அழகுதான், அடித்தளம்தான் இல்லை. பொத்தேன்ஸ் என்பது ‘பொத்’தும் ‘ஏன்ஸ்’ஸும் சேர்ந்ததல்ல, வழக்கொழிந்த வேறொரு வினையின் பார்ட்டிசிபிள். ஏன்ஸ் அன்று யாரிடமும் ஒட்டவில்லை. ஆயிரத்துச் சொச்சம் வருடம் கழித்து, ‘உள்பொருள்’ என்று சொல்ல ஒரு சொல் தேவைப்பட்ட தத்துவக்காரர்கள் அதைத் தூசிதட்டி எடுத்தார்கள். குருமடத்து மாணவர்களுக்கு அது தாமஸ் அக்குவினாஸ் பாடத்திலிருந்தே தெரிந்திருக்கும்.

அகராதியில ‘ஸோன்ஸ்’னு ஒரு சொல், குற்றவாளின்னு போட்டிருக்கு. அதுவும் ‘இரு’விலிருந்துதான்னு சொல்றாங்க. நம்பலாமா?

நம்பலாம். ஸோன்ஸ், ஸொன்த்திஸ் என்பது அதே பார்ட்டிசிபிளின் இன்னொரு பழைய வடிவம். ‘உள்ளவன்’ எப்படிக் குற்றவாளியானான்? தமிழர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ‘உள்’ என்ற அடியோடு ‘மை’ சேர்ந்தால் ‘உண்மை’. உள்ளது எதுவோ அதுவே உண்மை. சமஸ்கிருதத்திலும் ‘இரு’ வினையின் பார்ட்டிசிபிள் ‘சத்’, அதிலிருந்து வந்தது ‘சத்தியம்’. அந்தச் ‘சத்’தும் லத்தீன் ‘ஸொன்த்’தும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று சத்தியமாயிற்று, இன்னொன்று குற்றவாளிக் கூண்டில் ஏறிற்று.

கூண்டில் ஏறியதற்குக் காரணம் ஒப்புக்கொள்ளும் வாசகம். கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட்டு (இன்றைய துருக்கிப் பகுதி) அரசன் இரண்டாம் முர்சிலி, நாட்டைக் கொள்ளைநோய் வாட்டியபோது கடவுளிடம் மன்றாடிய களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன. அதில் தந்தை செய்த பாவத்தை ஏற்றுக்கொண்டு, ‘அது உள்ளது, நாங்கள் செய்தோம்’ என்கிறான். ஆமாம், உண்மை என்று பொருள். அந்த ‘உள்ளது’ இதே வேர். அமெரிக்க மொழியியலாளர் கால்வர்ட் வாட்கின்ஸ் 1967-ல் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். குற்றச்சாட்டைக் கேட்டு ‘உள்ளது’ என்றவன் ஸோன்ஸ்.

ரோமாபுரியின் பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் (கி.மு. 450 வாக்கில்) ‘மொர்புஸ் ஸொன்த்திக்குஸ்’ என்று ஒரு சொற்றொடர் உண்டு. நீதிமன்றத்துக்கு வராமல் இருக்கச் சரியான காரணமாக ஏற்கப்படும் கடும் நோய். எங்கள் சட்டக்கல்லூரிப் பெண் ஒருத்தி இதை ‘மெய்யான காய்ச்சல்’ என்று மொழிபெயர்த்தாள். லீவு லெட்டர்க் காய்ச்சல் அல்ல என்று அர்த்தமாம். அதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரே வேர்னா ஒரு இடத்துல ‘ஸென்த்’, இன்னொரு இடத்துல ‘ஸொன்த்’ எப்படி?

லத்தீன், சமஸ்கிருதம் எல்லாவற்றுக்கும் தாயான பழைய இந்தோ-ஐரோப்பிய மொழியில் இந்த ‘ன்த்’ விகுதிக்கு முன்னால் உயிர் மாறிக்கொண்டே இருந்தது. சில இடங்களில் ஒகரம். சில இடங்களில் உயிரே இல்லாமல் மூக்கொலி மட்டும். அந்தத் தனி மூக்கொலி லத்தீனில் ‘என்’ ஆயிற்று, சமஸ்கிருதத்தில் வெறும் ‘அ’ ஆயிற்று. நம்பிக்கை வரவில்லையா? கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினால் ‘சென்டம்’ என்கிறோம், கிரிக்கெட்டில் நூறு அடித்தால் ‘சதம்’ என்கிறோம். லத்தீன் கென்த்தும், சமஸ்கிருத சதம், இரண்டும் ஒரே சொல். அதே கணக்குதான் லத்தீன் ‘ஸென்த்’, சமஸ்கிருத ‘ஸத்’.

பல்லும் இந்த வகைதான் என்பார்கள். லத்தீன் தேன்ஸ், தென்த்திஸ். கிரேக்கத்தில் ஒதொன்த், பல் வரிசையைச் சீராக்கும் ஆர்த்தோடான்டிஸ்ட் பெயரில் இருக்கிறதே அதுதான். சமஸ்கிருதத்தில் தந்த, நமக்கு யானைத் தந்தம். ‘உண்’ என்னும் வேரின் பார்ட்டிசிபிள், ‘உண்கிறது’ என்பது பரவலான விளக்கம்.

‘போ’வுக்கு இயேன்ஸ், ஆனா ஆறாம் வேற்றுமையில எஉன்த்திஸ். இது என்ன அநியாயம்?

முந்தைய பதிலைப் படித்திருந்தால் பாதி அநியாயம் குறைந்திருக்கும். எழுவாயில் ‘என்த்’ வடிவம் தங்கிவிட்டது, மற்ற வேற்றுமைகளில் பழைய ‘ஒன்த்’, உகரமாக மாறி, தங்கிவிட்டது: எஉன்த்தெம், எஉன்த்தீ, எஉன்த்தேஸ். மற்ற வினைகளெல்லாம் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டன. ‘போ’ மட்டும் முன்கூடத்தை மாற்றிவிட்டுப் பின்கட்டை அப்படியே விட்டுவிட்டது. தினமும் வாயில் புழங்கும் வினைகளை யாரும் திருத்துவதில்லை. தமிழில் ‘வா’ என்பது ‘வருகிறேன்’, ‘வந்தேன்’ என்று இஷ்டத்துக்கு மாறுவதை நாம் கண்டுகொள்கிறோமா?

கூட்டு வினைகளும் அப்படியே: ரெதியேன்ஸ், ரெதெஉன்த்திஸ் (திரும்பி வருகிற). ஒரே ஒரு துரோகி ‘அம்பியோ’ (சுற்றிப் போ). அது ஒழுங்காக நான்காம் வகையில் சேர்ந்து அம்பியேன்ஸ், அம்பியென்த்திஸ் ஆகிவிட்டது. ஓட்டல்காரர்கள் சொல்லும் ‘ஆம்பியன்ஸ்’ அங்கிருந்துதான். பழைய ‘ஒன்த்’ ஒளிந்திருக்கும் இன்னொரு இடம் ‘வொலுன்த்தாஸ்’, விருப்பம். திருவிழாவில் பேட்ஜ் குத்திக்கொண்டு நிற்கும் வாலண்டியர் அந்தக் குடும்பம்.

செடிப் பெயர்ல ‘-ஏன்ஸிஸ்’னு வருதே, அதுவும் இதுதானே?

இல்லை. தாவரவியல் மாணவர்கள் தவறாமல் விழும் குழி இது. ஆலமரம் ஃபீக்குஸ் பெங்காலேன்ஸிஸ். இந்த ‘ஏன்ஸிஸ்’ ஊர்ப்பெயரோடு சேரும் விகுதி, ‘வங்கத்துக்காரன்’ மாதிரி. பார்ட்டிசிபிள் வேண்டுமானால் சாலை நடுவில் மஞ்சள் மஞ்சளாக மணி போலப் பூத்து நிற்கும் தெக்கோமா ஸ்தான்ஸைப் பாருங்கள். ஸ்தான்ஸ் என்றால் ‘நிற்கிற’. தொட்டியில் சிவப்பாகப் பூக்கும் ஸால்வியா ஸ்ப்ளெந்தேன்ஸ், ‘ஒளிர்கிற’.

‘ன்ஸ்’ என்று முடிந்தாலே பார்ட்டிசிபிள் என்றும் எண்ணிவிடாதீர்கள். மோன்ஸ் (மலை), போன்ஸ் (பாலம்) வெறும் பெயர்கள். மேன்ஸ், மென்த்திஸ் (மனம்) வேறு விகுதி, அதன் வடமொழி உறவு ‘மதி’. இந்த ‘மேன்ஸ்’ போனவன் ‘ஆமேன்ஸ்’, பைத்தியம். காதலிக்கிறவன் ‘அமான்ஸ்’. இரண்டையும் வைத்துச் சிலேடை பண்ணாமல் ரோமானிய நாடகக்காரர்களால் இருக்க முடியவில்லை.

ஸ்டூடன்ட், அசிஸ்டன்ட் ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல ஏன் வேற வேற எழுத்து?

ஸ்டூடன்ட் நேராக லத்தீன் எழுத்தோடு வந்தது. அசிஸ்டன்ட் பிரெஞ்சு வழியாக வந்தது. பிரெஞ்சு எல்லா வினைக்கும் ‘அன்த்’ வடிவத்தையே வைத்துக்கொண்டது, மேலே சொன்ன வகை பிரிப்பையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டது. ‘ஸெர்வியேன்ஸ்’ (ஊழியம் செய்கிற) என்ற ஒரே சொல்தான் ஒரு பாதையில் சார்ஜென்ட்டாகவும், அதே வினை இன்னொரு பாதையில் சர்வென்ட்டாகவும் வந்து நிற்கிறது. ஏஜென்ட் ‘செய்கிறவர்’, பேஷன்ட் ‘பொறுக்கிறவர்’, கரன்ட் ‘ஓடுகிறது’. எங்கள் தெருவில் அது அடிக்கடி ஓடிவிடுகிறது.

‘செய்தவன்’னு சொல்லணும். நாலு வடிவத்திலயும் அது இல்லையே?

சரியாகப் பிடித்தீர்கள். ‘செய்கிறவன்’ உண்டு, ‘செய்யப்பட்டது’ உண்டு, ‘செய்தவன்’ இல்லை. பெரிய ஓட்டை. ‘எவன் செய்தானோ அவன்’ என்று சுற்றிச் சொல்லலாம். இல்லையென்றால் ‘ஊர் பிடிக்கப்பட்ட நிலையில்’ என்று அப்லட்டிவில் போட்டுவிட்டு மேலே போகலாம். போர்க்கதை எழுதியவர்கள் பக்கத்துக்குப் பக்கம் இதைத்தான் செய்கிறார்கள்.

விதிவிலக்கு, உருவத்தில் செயப்பாட்டுவினையாகவும் பொருளில் செய்வினையாகவும் இருக்கும் சில வினைகள். ‘லொக்கூத்துஸ்’ என்றால் ‘பேசியவன்’, ‘பேசப்பட்டவன்’ அல்ல. அவற்றின் நிகழ்காலம் வழக்கம்போலத்தான்: லொக்குவேன்ஸ், மொரியேன்ஸ். செய்த, செய்கிற, செய்யும் என்று மூன்று காலத்துக்கும் பெயரெச்சம் வைத்திருக்கும் மொழியிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த வறுமை புரியக் கொஞ்ச நாள் ஆகும்.

கடைசியா ஒண்ணு. இதெல்லாம் இன்னிக்கு எந்த மொழியிலாவது உயிரோட இருக்கா?

விகுதி இருக்கிறது, வேலை குறைந்துவிட்டது. ஸ்பானிய மொழியில் ‘பாடிக்கொண்டு’ என்று சொல்ல ‘ந்த’ பக்கத்து வடிவமான கன்த்தாந்தோ வந்துவிட்டது. பழைய ‘ன்த்’ பெரும்பாலும் பெயர்களிலும் அடைமொழிகளிலும் ஒதுங்கிவிட்டது. இத்தாலியனில் பாடகர் ‘கன்த்தான்த்தே’, காதலர் ‘அமான்த்தே’. பிரெஞ்சில் இரண்டு வடிவங்களும் ஒலியில் ஒன்றாகிக் கலந்துவிட்டன.

பிரெஞ்சில் ஒன்றைக் கையில் பிடித்தே பார்க்கலாம். புதுச்சேரி பேக்கரிகளில் காலையில் அடுக்கிவைக்கிறார்களே குரோசான், அது நம் பொம்பேயி கிளாடியேட்டர் க்ரேஸ்கேன்ஸின் பெயர்தான். ‘வளர்கிற’ என்பது ‘வளர்கிற நிலா’ ஆகி, நிலாவின் வடிவில் சுட்ட ரொட்டிக்குப் பெயராயிற்று. இதைத் தமிழில் ஒரே சொல்லில் ‘வளர்பிறை’ என்போம். அதில் ‘வளர்’ வினைத்தொகை, மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கும். லத்தீன் பார்ட்டிசிபிள் எதற்கும் இல்லாத வசதி அது. வகுப்பில் இதைச் சொன்ன அன்று ஒரு மாணவர் கேமரா முன்னால் குரோசானைத் தூக்கிக் காட்டி, பாதி கடித்ததைத் தேய்பிறை என்று சொல்லலாமா என்று கேட்டார். அதற்கும் லத்தீனில் பார்ட்டிசிபிள் உண்டு: தேக்ரேஸ்கேன்ஸ், தேக்ரேஸ்கென்த்திஸ்.